ஸ்ரீவில்லிபுத்தூர் தந்த ரசிகமணி

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை யாவை? வானளாவிய கோபுரம், ஆண்டாள் நந்தவனம், ஆடிப்பூரத் தேர், நாவில் கரையும் பால்கோவா! சிவகாசியில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் அவ்வூரை அடைந்துவிடலாம். அங்கிருந்து நம் பள்ளிக்கு வரும் தோழியரும் உளர். ஆயினும், தமிழ்க் கவிதையைச் சுவைக்கத் தமிழர்க்குக் கற்றுத்தந்த பெருமகன் ஒருவர் பிறந்த ஊரும் அதுவே என்பது இவ்வாண்டு வரை எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது.

எங்களுக்கு அது தெரியவந்த விதத்தை முதலில் கூறிவிடுகிறோம். ஜூன் மாதம் பள்ளி திறந்தவுடன், நூலகத்தைக் கவனித்துவரும் சிஸ்டர் எங்களுக்கு ஒரு வேலை தந்தார். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஆளுக்கொரு நூலை எடுத்துவந்து, அதை ஏன் எடுத்தோம் என்று எழுந்து சொல்ல வேண்டும். மெல்லிய புத்தகம், விரைவில் முடித்துவிடலாம் என்றாள் ஒருத்தி. அட்டைப்படம் அழகாக இருந்தது என்றாள் இன்னொருத்தி. தேர்வில் கேள்வி வரும் என்று பலர் கூறினோம். சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. இந்த ஒரு கேள்விக்கு வாழ்நாள் முழுவதும் விடை தேடிய ஒருவர் நம் பக்கத்திலேயே பிறந்திருக்கிறார், அவரைப் பற்றித் தெரிந்துகொண்டு வாருங்கள் என்று மட்டும் கூறினார். அவர்தாம் டி.கே.சி. எனப் பலரும் அன்போடு அழைத்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார்.

பிறப்பும் கல்வியும்

டி.கே.சி. 1882-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தார். தந்தையார் பெயர் தீத்தாரப்ப முதலியார். அந்நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோதுதான் இப்பகுதி அதனோடு இணைந்தது. ஆகவே நெல்லையும் தென்காசியும் குற்றாலமும் நம் ஊரும் அன்று ஒரே சீமையாக இருந்தன எனலாம். டி.கே.சி.யின் வாழ்வும் பெரும்பாலும் அந்தச் சீமைக்குள்ளேயே கழிந்தது.

அவர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டம் படித்துத் திருநெல்வேலியில் வழக்கறிஞரானார். ஆங்கில இலக்கியத்தை ஆழ்ந்து கற்றவர் அவர். அக்காலத்தில் ஆங்கிலம் படித்தவர்கள் தமிழைத் தாழ்வாக எண்ணுவது வழக்கம். தமிழ் படித்தவர்களோ இலக்கணத்தையும் அகராதியையும் துணைக்கு வைத்துக்கொண்டு பாடல்களைப் பிரித்துப் பொருள் சொல்வதோடு நின்றுவிடுவர். டி.கே.சி. இவ்விரு சாராரிலும் சேரவில்லை. ஆங்கிலக் கவிஞர்களிடம் தாம் கண்ட இன்பம் தமிழிலும் உண்டா என்று தேடினார். உண்டு என்று கண்டபின், அதைப் பிறர்க்கும் காட்டாமல் அவரால் இருக்க இயலவில்லை.

வழக்கறிஞர் தொழிலில் அவருக்கு மனம் ஒன்றவில்லை. சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1930 முதல் 1935 வரை இந்து அறநிலையத் துறையில் ஆணையராகப் பணியாற்றினார். ஆனால் இந்தப் பதவிகளுக்காக இன்று அவரை எவரும் நினைப்பதில்லை. அவர் வீட்டில் நடந்த ஒரு கூட்டத்திற்காகவே தமிழகம் அவரை நினைக்கிறது.

வட்டத்தொட்டி

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் டி.கே.சி.யின் வீடு இருந்தது. பழைய வீடுகளில் நடுவே வானம் தெரியுமாறு திறந்த முற்றம் இருக்கும். அதனைத் தொட்டி என்பார்கள். அவர் வீட்டுத் தொட்டி வட்ட வடிவமானது. 1920-களில் ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் நண்பர்கள் அங்கே கூடினர். அதனால் அக்கூட்டத்திற்கே வட்டத்தொட்டி என்று பெயர் ஏற்பட்டது.

அதற்குச் சட்டதிட்டம் கிடையாது, சந்தா கிடையாது, தலைவர், செயலாளர் என்ற பதவிகளும் கிடையா. வழக்கறிஞர், ஆசிரியர், அரசு அலுவலர், இசையில் ஈடுபாடு உடையவர் எனப் பலதரப்பட்டோர் வந்தனர். டி.கே.சி. ஒரு பாடலை எடுப்பார். நிறுத்தி நிதானமாகப் பாடுவார். ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார். கையாலும் முகத்தாலும் அதற்கு உயிர் கொடுப்பார். ஒரே பாடலில் ஒரு மாலை முழுவதும் கழிந்துவிடுவது உண்டு. எத்தனை பாடல் முடித்தோம் என்பது அங்கே கணக்கில்லை. ஒரு பாடலாவது உள்ளத்தில் தங்கியதா என்பதே கணக்கு.

தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், பேராசிரியர் அ. சீனிவாசராகவன், நீதிபதி எஸ். மகராசன் ஆகியோர் டி.கே.சி.யிடம் கவிதை கேட்டு வளர்ந்தவர்கள். தொண்டைமான் பின்னாளில் ஊர் ஊராகச் சென்று கோயில்களைப் பற்றி எழுதினார். சீனிவாசராகவன் தம் கவிதை நூலுக்காக 1968-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். மகராசன் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழாக்கினார். ராஜாஜியும் கல்கியும் டி.கே.சி.யின் நெருங்கிய நண்பர்கள். ஒரு வீட்டு முற்றத்தில் மூண்ட தீபம் இத்தனை விளக்குகளை ஏற்றியிருப்பது வியப்பன்றோ!

எவற்றைத் தேர்ந்தெடுத்தார்?

டி.கே.சி. கைக்குக் கிடைத்ததை எல்லாம் படித்தவர். எனினும் பேசுவதற்கு என்று எடுத்துக்கொண்ட நூல்கள் சிலவே. அவற்றுள் முதலாவது கம்பராமாயணம். அதன்மேல் அவருக்கிருந்த காதல் இறுதிவரை குறையவில்லை. 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியபோது, தொடக்க விழாவுக்குத் தலைமை தாங்கியவர் டி.கே.சி.யே.

அடுத்தது முத்தொள்ளாயிரம். சேர, சோழ, பாண்டியரைப் பாடும் பழைய வெண்பாக்கள் இவை. இந்நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. நூற்றுச் சொச்சம் பாடல்களே எஞ்சியுள்ளன. பண்டிதர்கள் மட்டுமே அறிந்திருந்த இப்பாடல்களுக்கு, கதை சொல்வது போன்ற எளிய நடையில் டி.கே.சி. விளக்கம் எழுதினார். அரசனின் உலாவைக் காண ஏங்கும் பெண்ணும், அவளைக் கதவடைத்து வைக்கும் தாயும் நம் தெருவில் இருப்பவர்கள் போலவே அவ்விளக்கத்தில் தோன்றுகின்றனர்.

மூன்றாவது திருக்குற்றாலக் குறவஞ்சி. குற்றாலத்தை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் இதனைப் பாடினார். காப்பியங்களையே பெரிதாக மதித்த புலவர்கள் குறவஞ்சி போன்ற நூல்களைச் சிற்றிலக்கியம் என்று ஒதுக்கி வைத்தார்கள். டி.கே.சி. அதைத் தேடி எடுத்தார். அதன் தாளத்திலும், குறத்தி தன் மலையின் வளத்தைப் பாடும் பெருமிதத்திலும் உயர்ந்த கவிதையைக் கண்டார்.

நான்காவதாக, தம் காலத்தில் வாழ்ந்த கவிஞர் ஒருவரையும் அவர் தேர்ந்தெடுத்தார். நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்து, பள்ளி ஆசிரியராக அமைதியாக வாழ்ந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையே அவர். கவிமணியின் பாடல்களை டி.கே.சி. சென்ற இடமெல்லாம் பாடிக் காட்டினார். பழையது என்பதற்காக ஒன்றைப் போற்றுவதும், புதியது என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதும் அவரிடம் இல்லை.

ஏன் தேர்ந்தெடுத்தார்?

இங்கேதான் எங்கள் வகுப்பின் கேள்விக்கு விடை இருக்கிறது. யாப்புச் சரியாக அமைந்துவிட்டால் அது செய்யுள் ஆகும். ஆனால் கவிதை ஆகிவிடாது என்பது டி.கே.சி.யின் கருத்து. பாடியவரின் இதயத்தில் உண்மையான உணர்ச்சி எழ வேண்டும். அந்த உணர்ச்சியே தனக்கு வேண்டிய ஓசையைத் தேடிக்கொள்ள வேண்டும். கேட்பவர் இதயத்திலும் அது அப்படியே எழ வேண்டும். அவ்வாறு எழுந்தால்தான் அவர் அதைக் கவி என்று ஒப்புக்கொள்வார். தம் கட்டுரை நூல் ஒன்றுக்கு அவர் சூட்டிய பெயரே இதய ஒலி என்பதாகும்.

இரண்டாவது காரணம், மொழி. மக்கள் வாயில் வழங்கும் சொல்லுக்கு உயிர் உண்டு என்று அவர் நம்பினார். அகராதியில் மட்டும் உறங்கும் சொற்களை அடுக்கிய பாடல்கள் அவரைக் கவரவில்லை. பாடல்களை அச்சிடும்போதும், சந்தி சேர்ந்து புரியாமல் போகும் இடங்களில் சொற்களைப் பிரித்து, படிப்பவர் தடுமாறாமல் இருக்குமாறு அமைத்தார். இதைச் சில புலவர்கள் விரும்பவில்லை. அவரோ, படிக்கத் தெரிந்தவர் எவரும் கவிதையின் வாசலிலேயே திரும்பிப் போய்விடக்கூடாது என்று கருதினார். கல்வி தாய்மொழியிலேயே நடைபெற வேண்டும், கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டு ஒலிக்க வேண்டும் என அவர் வாதாடியதற்கும் இதுவே அடிப்படை.

மூன்றாவது, செவி. கவிதையைக் கண்ணால் மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும், வாய்விட்டுச் சொல்லிக் காதால் கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்குத் துணை வேண்டும். ஆகையால்தான் தனியே படித்து மகிழ்வதோடு அவர் நின்றுவிடாமல் கூட்டம் கூட்டினார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க எண்ணினோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பத்தா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. இளவயதில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தீப்பெட்டி ஒட்டியவர். ஒரு சனிக்கிழமை நாங்கள் நால்வர் சென்று, குறவஞ்சியில் குறத்தி மலைவளம் கூறும் பகுதியை அவருக்கு மூன்று முறை வாசித்தோம். முதல் முறை பேசாமல் கேட்டார். இரண்டாம் முறை சிரித்தார். மூன்றாம் முறை குரங்கு வரும் இடத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பாடினவர் குரங்கைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும் என்றும் கூறினார். உரைநூலைப் புரட்டிக்கொண்டிருந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்!

எழுந்த எதிர்ப்பு

பெரியோர் வரலாற்றை எழுதும்போது புகழை மட்டும் கூறுதல் முறையாகாது. டி.கே.சி.யின் தேர்வு ஒன்று கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. கம்பராமாயணத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன. அவற்றுள் ஒரு சிறு பங்குதான் கம்பர் பாடியது, மற்றவை பிறரால் இடையே நுழைக்கப்பட்டவை என்று டி.கே.சி. முடிவு செய்தார். தம் இதயத்துக்கு உகந்தவற்றை மட்டும் எடுத்து, சில இடங்களில் சொற்களையும் தம் செவிக்கு ஏற்பத் திருத்தி, விளக்கத்தோடு கம்பர் தரும் ராமாயணம் என வெளியிட்டார். ஏட்டுச்சுவடிகளின் ஆதாரம் இன்றி இவ்வாறு செய்யலாமா என்று புலவர்கள் கேட்டார்கள்.

எங்கள் வகுப்பும் இதில் இரண்டாகப் பிரிந்தது. பத்தாயிரம் பாடலையும் யார் படிக்கப் போகிறார்கள், அவர் நல்லவற்றைத் தந்ததால்தானே பலர் கம்பனிடம் வந்தார்கள் என்றது ஒரு கட்சி. அவருக்குப் பிடிக்காதது இன்னொருவருக்குப் பிடிக்கலாம் அல்லவா என்றது மறு கட்சி. அப்போது பின் வரிசையில் இருந்த தோழி ஒருத்தி முத்தொள்ளாயிரத்தை எடுத்துக்காட்டினாள். அந்நூலின் பாடல்கள் இன்று நமக்குக் கிடைத்ததற்குப் பெரிதும் காரணம், பெயர் தெரியாத ஒருவர் புறத்திரட்டு என்னும் தொகை நூலில் அவற்றைத் தேர்ந்து சேர்த்ததே ஆகும். அவர் தேர்ந்தவை பிழைத்தன. தேராதவை பெரும்பாலும் மறைந்தன. தேர்ந்தெடுப்பவர் ஒன்றைக் காப்பாற்றுகிறார், மற்றொன்றைக் கைவிடுகிறார் என்றாள் அவள். வகுப்பு சிறிது நேரம் அமைதியாக இருந்தது.

நல்ல வேளையாகக் கம்பன் பாடல்கள் எவையும் மறையவில்லை. பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற அமைப்புகள் சுவடிகளை ஒப்புநோக்கி முழுக் காப்பியத்தையும் பதிப்பித்தன. ஆகவே நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். பாதுகாக்கும்போது எல்லாவற்றையும் பாதுகாக்க வேண்டும். அது அறிஞர் கடமை. படித்து மகிழும்போது நம் உள்ளம் தேர்ந்ததைத் துணிந்து தேர வேண்டும். அது ரசிகர் உரிமை. டி.கே.சி. முதல் வேலையில் தவறியிருக்கலாம். இரண்டாவதில் அவருக்கு நிகர் அவரே.

குற்றால வாழ்வு

பிற்காலத்தில் டி.கே.சி. குற்றாலத்தில் தங்கினார். அருவிச் சாரலும் கவிதைச் சாரலும் ஒருங்கே பெறலாம் என்று நண்பர்கள் அவரைத் தேடி அங்கே சென்றனர். வந்தவர்க்கு விருந்து படைப்பதில் அவர் குடும்பத்தார் சலித்ததில்லை. நேரில் வர இயலாதவர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். அக்கடிதங்கள் இன்று நூலாக உள்ளன.

அவர் வாழ்வில் துயரமும் இருந்தது. தீபன் என்னும் பெயரில் எழுதிவந்த மகன் இளவயதிலேயே மறைந்தார். அப்பெருந்துயரிலும் கவிதையே தந்தைக்கு ஊன்றுகோலாயிற்று. கவிமணி அம்மறைவுக்கு இரங்கிப் பாடினார். இன்ப நாளில் நாம் தேர்ந்துகொள்ளும் நூல்களே துன்ப நாளில் நமக்குத் துணையாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

குற்றாலத்தில் அவரைத் தேடிச் சென்றவர்களுள் ஒருவர், கோவில்பட்டிக்கு அருகில் உள்ள இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன். பள்ளிப் படிப்பைப் பாதியிலேயே விட்டவர் அவர். கரிசல் காட்டு உழவர். டி.கே.சி. அவரிடம் சான்றிதழ் கேட்கவில்லை. பேச்சுத் தமிழுக்கு உள்ள அழகை அங்கே உணர்ந்த அந்த உழவர், பின்னாளில் நம் கரிசல் மக்களின் பேச்சையே இலக்கியமாக்கி 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2021-இல் மறையும்வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

ரசிகமணி டி.கே.சி. 1954-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் குற்றாலத்தில் காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில் கவிமணியும், டிசம்பரில் கல்கியும் மறைந்தனர். கவிதையால் ஒன்றுபட்ட மூவரும் ஓராண்டிலேயே விடைபெற்றது நம் நெஞ்சை உருக்குகிறது.

முடிவுரை

எங்கள் ஊர்களில் அச்சு இயந்திரங்கள் ஓயாமல் ஓடுகின்றன. நாட்காட்டியும் நோட்டுப் புத்தகமும் இங்கிருந்து நாடெங்கும் செல்கின்றன. காகிதத்துக்குப் பஞ்சமில்லாத ஊரில் படிப்புக்குப் பஞ்சம் இருக்கலாமா? பொதுத் தேர்வு ஆண்டில் இந்த வெள்ளிக்கிழமைக் கூட்டம் தேவையா என்று பெற்றோர் சிலர் கவலைப்பட்டது எங்களுக்குத் தெரியும். அவர்கள் பட்டாசு ஆலையிலும் அச்சகத்திலும் உழைத்து எங்களைப் படிக்க வைக்கிறார்கள். அக்கவலை நியாயமானதே. வாரத்திற்கு ஒரு பாடவேளை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம், மற்றப் பாடங்களை ஒருநாளும் தள்ளிவைக்க மாட்டோம் என்று அவர்களுக்கு இதன் வழியாக உறுதி கூறுகிறோம்.

எங்களுள் ஒருத்தி வீட்டு நிலைமையால் இவ்வாண்டோடு படிப்பை நிறுத்த நேரலாம். இனி எனக்கு எதற்கு நூலகம் என்று முதலில் ஒதுங்கியே இருந்தாள். கி. ராஜநாராயணனைப் பற்றிப் பேசிய வாரத்தில்தான் அவள் குறவஞ்சியைக் கேட்டு வாங்கினாள். அச்சகத்தில் கழித்துப் போட்ட நாட்காட்டித் தாள்களைத் தைத்து, அவற்றின் பின்பக்கத்தில் தனக்குப் பிடித்த பாடல்களை இப்போது எழுதிக்கொண்டு வருகிறாள். பள்ளியை விட்டுப் போனாலும் அந்தத் தாள்கள் அவளோடு போகும். வெள்ளிக்கிழமைதோறும் அவளையும் அழைத்துக்கொள்வது என்று நாங்கள் தீர்மானித்திருக்கிறோம். அவள் தொடர்ந்து படிக்க வழி பிறக்க வேண்டும் என்று நாள்தோறும் செபிக்கிறோம்.

மார்ச் மாதக் கூட்டத்தில் சிஸ்டர் அதே பழைய கேள்வியைக் கேட்டார். இந்த நூலை ஏன் எடுத்தாய்? இம்முறை மெல்லிய புத்தகம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சிலருக்குப் பதில் சொல்ல நெடுநேரம் ஆயிற்று. மணி அடித்த பின்னும் எவரும் எழுந்து போகவில்லை.

அன்புத் தோழியரே! அடுத்த முறை ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும்போது பால்கோவாவோடு ரசிகமணியையும் நினைவுகூர்வோமாக. நூலகத்தில் ஒரு நூலைத் தொடும் முன், நம் இதயம் எதைத் தேடுகிறது என்று ஒரு நொடி கேட்டுக்கொள்வோமாக. கிடைத்ததை நால்வரோடு பகிர்ந்து மகிழ்வோமாக. வட்டமாக உட்கார ஒரு வேப்பமர நிழல் போதும். வட்டத்தொட்டி நம் பள்ளியிலும் உண்டாகும்.